காலை ஷிப்டின் மீன்கண்கள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், உன் மாமா, சின்னவள் மூவரும் சுகம். அங்கே அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் சிட்டுவுக்கு மசக்கை குறைந்ததா? இந்த முறையாவது எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. போன இரண்டு தடவை நடந்ததை நாமே கிளறிவிட்டது போலாகும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் 'சாப்பிட்டியா, தூங்கினியா'வைத் தாண்டியதே இல்லை. அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். உன் லேப் போனோ பெரியவரின் அறை வாசலில் இருக்கிறது. முதலாளி காதில் விழ எதைப் பேசுவது? அதனால்தான் இந்தக் காகிதம்.

எங்கள் பாக்டரியில் ஒரு மாதமாகத் தொல்லை. மாத்திரை அட்டையின் முதுகில் ஒட்டும் ஃபாயிலுக்கு நாங்கள் பூசுகிற வார்னிஷ் உங்கள் கம்பெனி லாக்கர்தான் என்பது உனக்குத் தெரியும். ஃபாயில் சுருளிலிருந்து பிரிந்து, ரோலர்மேல் ஏறி, லாக்கரைப் பூசிக்கொண்டு, அடுப்புக்குள் போய்க் காய்ந்து, அந்தப் பக்கம் மறுபடி சுருண்டுகொள்ளும். இத்தனை வருஷமாக முகம் பார்க்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. இப்போது பூச்சில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை. நடுவில் வெறும் அலுமினியம் பளிச்சென்று தெரிகிறது, சுற்றிலும் லாக்கர் கரை கட்டி நிற்கிறது. மீன் கண்ணை விழித்துக்கொண்டு பார்ப்பது மாதிரி. இங்கே எல்லோரும் அதை மீன்கண் என்றே சொல்கிறார்கள். அந்த இடத்தில் லாக்கர் தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் விலகிவிடுகிறது. பூச்சு இல்லாத இடத்தில் அட்டை சரியாக ஒட்டாது, ஈரம் உள்ளே போகும், மருந்து கெடும். அதை எந்த நோயாளி விழுங்குவாரோ தெரியாது.

சில நாள் ஒன்றுகூட இல்லை. சில நாள் அம்மை போட்டது போல் வருகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தரம் பாக்கறது நீங்கதானேம்மா? உங்களுக்கே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குத்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருக்கிறது.

நீ லாக்கர் கலக்குகிறவன். எங்கே தேடுவது என்று கொஞ்சம் சொல்லேன்.

அம்மாவையும் சிட்டுவையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. எல்லோரும் நலமே. அம்மாவின் முழங்கால் வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. மழை வருமுன்பே சொல்லிவிடுகிறது. சிட்டுவுக்குக் காலையில் எதைக் கண்டாலும் குமட்டுகிறது, என்னையும் சேர்த்து. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அதிர்ச்சி, கோபம், அழுகை எதுவும் கூடாதாம். அதனால் வீட்டில் நாங்கள் எல்லோரும் காலில் பஞ்சு கட்டிக்கொண்டு நடக்கிறோம்.

பக்கத்து வீட்டில் அம்மா, "என் பையன் லாக்கர்ல வேலை பாக்கறான்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள், "பேங்க்லயா? எங்க நகையையும் பத்திரமா பாத்துக்கச் சொல்லுங்க" என்றாராம். இப்போது தெருவில் எனக்குத் தனி மரியாதை.

மீன்கண் என்றால் எங்கோ எண்ணெய்ப் பசை. ஃபாயிலை உருட்டும்போது பூசிய எண்ணெய் முழுக்க எரிந்து போயிருக்கிறதா பார். சோதனைப் பேனாவால் ஒரு கோடு போடு. மை முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. கம்ப்ரசர் காற்று எண்ணெயைக் கக்குகிறதா பார். துடைக்கும் துணி, கையுறை, சங்கிலிக்கும் கீலுக்கும் அடிக்கிற ஸ்ப்ரே எல்லாவற்றையும் பார். ஆட்கள் தலைக்கும் கைக்கும் தடவுகிற கிரீமில்கூட சிலிக்கான் என்கிற வழவழப்பு எண்ணெய் இருக்கும். அது ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் மாதிரி. காற்றில் பறந்து வந்து விழுந்தால்கூடப் போதும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். சின்னவள் படிக்கிறாளா, இல்லை என் மாதிரியா?

உன்
தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மாமாவுக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. சின்னவள் உன் மாதிரிதான், படிப்பதாக நடிக்கிறாள். சிட்டுவுக்கு வாசனை குமட்டினால் ஜன்னல் பக்கம் படுக்கச் சொல்.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். பேனா கோடு அழகாகப் பரவியது, ஃபாயில் சுத்தம். கம்ப்ரசர் காற்றை வெள்ளைத் துணியில் அடித்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. ஸ்ப்ரேயை எல்லாம் வெளியேற்றினோம். சங்கிலி 'கீச் கீச்' என்று கத்துகிறது, எல்லோருக்கும் காது அடைக்கிறது. மேனேஜர் பவுடர், சென்ட், தலைக்குத் தடவுவது எல்லாவற்றையும் வாசலிலேயே தடுத்துவிட்டார். மதியத்துக்கு மேல் ஷெட்டுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அடுப்புக்காரர், "மீன்கண்ணு போகுதோ இல்லையோ, மீன் நாத்தம் வந்தாச்சு" என்கிறார்.

ஒன்று மட்டும் பிடிபட்டது. மீன்கண் காலை ஷிப்டில்தான் வருகிறது. மதியத்துக்குள் குறைந்து, சாயங்காலம் சுத்தமாக மறைகிறது. மறுநாள் காலை திரும்பவும் வருகிறது. அதே ஃபாயில், அதே மெஷின். காலையில் இருப்பதும் மதியத்தில் இல்லாததும் எது? ஆட்கள்தான்.

அதனால் காலை ஷிப்டு ஆட்கள் கைக்கு என்ன பூசுகிறார்கள் என்று பார்த்தேன். எங்களிடம் ரோலர் துடைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். ரோலர்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். காலை ஷிப்டை விட்டு வேறு ஷிப்டுக்கு அவர் வருவதில்லை. காய்ந்த லாக்கரைக் கரைக்கிற திரவத்திலேயே கை கிடப்பதால் தோல் வெடித்து ரத்தம் வரும். அவர் லாக்கரில் (நம் லாக்கர் அல்ல, துணி வைக்கும் லாக்கர்) ஒரு கிரீம் ட்யூப் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் சிலிக்கான்.

"இது எதுக்கும்மா?"

"கைக்கு மேடம். எரிச்சல் தாங்கலை. ஆனா வேலைக்கு வர்றப்ப போட மாட்டேன், வீட்டுக்குப் போகும்போதுதான்."

"இங்கதானே வெச்சிருக்கீங்க?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் எழுதினால் அவரை அனுப்பிவிடுவார்கள். கைக்கிரீம் தேடச் சொன்னது நீ. இது போதுமா, தம்பி? உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை வெளிப்படையாக எழுது. அதுவரை ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடுகிறேன்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே சிட்டுவைக் கொஞ்ச நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னால் எழுந்திருக்கத் தோன்றும் பிறவி அவள். காவலுக்கு அம்மா. அம்மாவின் முழங்காலுக்குக் காவல் நான்.

பெரியவர் என்னை லேப் தலைவராக்கப் போகிறாராம். சிட்டு சந்தோஷப்பட்டாள்.

அந்தக் கிரீம் விஷயம். சிலிக்கான் ஒரு துளி இருந்தாலும் மீன்கண் வரும் என்பது உண்மை. ஆகவே கிரீமாக இருக்கலாம். இருக்கக்கூடும். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். பேனா கசிந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

மாமாவின் இருமலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா?

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

சிட்டு எப்படி இருக்கிறாள்? அவளைப் பற்றி எழுதும்போது ஏன் அவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? உன் மாமாவின் இருமல் போய்விட்டது என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ படித்தாயா, மேய்ந்தாயா?

லேப் தலைவருக்கு என் வாழ்த்து. அம்மா தெருவுக்கே அறிவித்திருப்பாள்.

'இருக்கலாம், இருக்கக்கூடும்' என்று எழுதினால் நான் என்ன செய்வேன்? மேனேஜர் தினமும் கேட்கிறார். மாத்திரைக் கம்பெனி ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் எழுதிக் கொடுத்தேன். ரோலர்காரம்மாவை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. கேட் அருகில் நின்று, "நான் போனப்புறம் நின்னுடுச்சுன்னா சொல்லி அனுப்புங்க மேடம். எனக்கும் தெரியணும்ல" என்றார்.

நின்றுவிட்டது, தம்பி. அவர் போன நாளிலிருந்து ஒரு மீன்கண் இல்லை. அந்த வாரம் உங்கள் கம்பெனி லாரி வரவில்லை. கோடவுன் மூலையில் கிடந்த பழைய டிரம்களை உருட்டி எடுத்து ஓட்டினோம். அந்தத் தடுமாற்றத்திலும் பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள்.

சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான். ஏனோ வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். உன் மாமா, "தோலே உரிஞ்சிடப் போகுது, வா" என்றார். அந்த அம்மாவுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவிடம் போனில் பேசினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நீ மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். வேலை அதிகமா? தலைவர் ஆனால் சாப்பிடக் கூடாதா?

மீன்கண் திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட அதிகம். காலை ஷிப்டில்தான். ரோலர்காரம்மா இல்லை, கிரீம் இல்லை, புதிதாக வந்த ரோலர்காரர் ஆஸ்பத்திரி ஆள் மாதிரி கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். அப்படியும் வருகிறது.

மேனேஜர் என் மேஜைமேல் ஒரு ஃபாயில் துண்டை விரித்துவிட்டு, "இது யாரோட கிரீம்?" என்றார். ரோலரைக் கழற்றித் துடைத்தோம். லாக்கர் தட்டைத் தேய்த்துக் கழுவினோம். அடுப்பின் உள்பக்கம்கூடத் துடைத்தாயிற்று. எதைச் செய்தாலும் காலையில் விழித்துப் பார்க்கிறது.

ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினேனே, அது எதற்கு? தலைகால் புரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சிட்டு இப்போது எழுந்து நடமாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் முழங்காலுக்குப் புதுத் தைலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, அங்கே எப்படி? சின்னவளுக்குப் பரீட்சை எப்போது?

அடுப்பின் சூடு ஒரே சீராக இருக்கிறதா என்று பார். சில நேரம் அதனாலும் வரும்.

அந்த ரோலர்காரம்மா இப்போது என்ன செய்கிறார்? வேறு எங்காவது வேலை கிடைத்ததா? கேட்டு எழுது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஃபாயிலைப் பார் என்றாய், காற்றைப் பார் என்றாய். துணி, கையுறை, ஸ்ப்ரே, தலைக் கிரீம், கைக் கிரீம், இப்போது அடுப்பு. நீ லாக்கர் கலக்குகிறவன். லாக்கரைப் பார் என்று ஒரு தடவைகூட நீ எழுதவில்லை. சமையல்காரனிடம் போய், சாப்பிட்டவனுக்கு வயிறு வலிக்கிறது என்றால், தட்டைப் பார், பாயைப் பார், காற்றைப் பார் என்று அவன் சொன்னது போல இருக்கிறது.

அந்த அம்மாவை நீ கண்ணால் கண்டதில்லை. அவர் என்ன செய்கிறார் என்று ஏன் கேட்கிறாய்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் உங்கள் லாக்கர் தட்டில் நுரைத்துத் தளும்பும். துடைத்துத் துடைத்துச் சலித்துப்போவோம். இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து நுரையே இல்லை. அதை நல்லதாக நினைத்துவிட்டேன். நுரை அடங்குவதற்கு நீங்கள் விடும் சொட்டு மருந்தை மாற்றிவிட்டீர்களா? அதில் சிலிக்கான் இருக்கிறதா? மூடிய டிரம் சும்மா நிற்கும்போது அது மேலே மிதந்து வரும், காலையில் திறந்ததும் முதலில் அதுதான் ரோலருக்குப் போகும், மதியத்துக்குள் பம்ப் கலக்கிவிடும். அந்த அம்மாவை அனுப்பிய வாரம் மீன்கண் நின்றது, நாங்கள் பழைய டிரம்களை ஓட்டியதால். லாரி வந்தது, மீன்கண்ணும் வந்தது. இவ்வளவுதானா?

உங்கள் பெரியவருக்குப் போன் செய்தேன். "அதே லாக்கர்தாம்மா, ஒரு துளி மாத்தலை. கலக்கறது உங்க தம்பிதானே, அவரையே கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். சிட்டுவின் நிலைமை எனக்குத் தெரியும். இந்த வேலை போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்தே கேட்கிறேன். நீ இல்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன். அதனால் யோசித்து எழுது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். சிட்டுவுக்கு ஏழாவது மாதம். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை அதிகாரம் செய்கிறாள். அம்மா அவளுக்குப் பயப்படுகிறாள். இது உலக அதிசயம்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே இரண்டு டப்பா. ஒன்றுக்கு சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கலக்காமல் கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, மேலாக எடுத்து, இரண்டையும் பூசிப் பார்.

என்னிடம் எதுவும் கேட்காதே. மாமாவையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதம் உன் கைக்குத்தான் வர வேண்டும், சிட்டுவின் கைக்கு அல்ல.

உன் டப்பாக்கள் வந்த அன்றே பூசிப் பார்த்தேன். இரண்டு ஃபாயில் துண்டைக் கண்ணாடிமேல் விரித்து, கம்பியால் இழுத்து, சின்ன அடுப்பில் காயவைத்தேன். சிவப்பு மூடி கண்ணாடியாக வந்தது. நீல மூடியை அடுப்பிலிருந்து எடுக்கும்போதே தெரிந்தது, எல்லா மீன்களும் என்னைப் பார்த்தன. டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம்கூட.

நீ எதற்காக அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லி அனுப்பினாயா? எனக்குத் தெரிந்தால் போதும், பேசாமல் இருந்துவிடுவேன் என்று அனுப்பினாயா? ஒரு நாள் இப்படித் தோன்றும், மறுநாள் அப்படித் தோன்றும். சொன்னால் உன் வேலை போகும், சிட்டுவுக்கு அதிர்ச்சி. சொல்லாவிட்டால் ஓட்டை ஃபாயிலுக்குள் யாருடைய மாத்திரையோ. ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் முகம் தெரியாத நோயாளி. இரண்டு பக்கமும் நியாயமாகவும் தெரிந்தது, அநியாயமாகவும் தெரிந்தது.

பிறகு பஸ் நிறுத்தத்தில் ரோலர்காரம்மாவைப் பார்த்தேன். சுட்டெரிக்கிற வெயிலில் இரண்டு கையிலும் துணி உறை. என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மேடம்? நின்னுடுச்சா?" என்றார். பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை.

மறுநாள் மேனேஜர் மேஜையில் இரண்டு துண்டையும் வைத்தேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த டப்பா எங்கேருந்து வந்தது?"

"வந்தது சார்."

"உங்க தம்பி அங்கதானே இருக்கார்?"

"லாக்கரைப் பாருங்க சார். அனுப்பின ஆளைப் பாக்க வேணாம்."

அவர் இரண்டு துண்டையும் மேஜைமேல் சேர்த்து வைத்தார். பிறகு, "நானும் தங்கச்சியோட பொறந்தவன்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அது எந்த அர்த்தத்தில் சொன்னது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இப்போது வேறு கம்பெனி லாக்கர் வருகிறது. நுரைத்துத் தொலைக்கிறது, தட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறோம். மீன்கண் இல்லை.

ரோலர்காரம்மா வீட்டுக்குப் போனேன். உங்கள்மேல் தப்பில்லை, லாக்கரில்தான் கோளாறு, வேலைக்கு வாருங்கள், ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். இரண்டும் நடக்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"என் கையாலதான்னு நானே நம்பிட்டேன் மேடம். எதைத் தொட்டாலும் கறை விழும்னு தோணும். பேத்தியைத் தூக்கறதுக்கு முன்னாடிகூட யோசிப்பேன். இப்ப வந்து இல்லைங்கறீங்க."

"இல்லைம்மா. நிச்சயமா இல்லை."

"அப்பவும் நிச்சயமாதானே சொன்னீங்க?"

கடைசியில், "வர்றேன். ஆனா ரோலர் பக்கம் வேணாம், வேற எங்கயாவது போடுங்க" என்றார். பேக்கிங்கில் போட்டிருக்கிறோம். அங்கே கையுறை தேவையில்லை. அவர் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்.

உங்கள் பெரியவருக்கு மேனேஜர் எழுதிவிட்டார். டப்பா யார் அனுப்பியது என்று எழுதவில்லையாம். ஆனால் அதை ஊகிக்க அவருக்கு ஜோசியம் தேவையா? என்ன நடந்தது என்று உடனே எழுது. நான் செய்தது சரியா என்றும் எழுது. திட்டுவதானாலும் எழுது.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா நலம். சிட்டு நலம். வழக்கம்போல் வேலைக்குப் போய் வருகிறேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. நீ கவலைப்படாதே. மழை வரும்போல் இருக்கிறது.

தம்பி


ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுகிறேன். நீங்கள், அண்ணன், சின்னவள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உள்ளே இருப்பது நன்றாக உதைக்கிறது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தை தூங்குகிறார்கள். அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

வேலைக்குப் போயிருக்கிறார் என்று எழுதிவிட்டேன். அவர் வேலைக்குப் போகவில்லை, அண்ணி.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அவர் கிளம்பிப் போன பிறகு, அவர்கள் கம்பெனி டிரைவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் அவருடைய லேப் கோட்டும், அங்கே போட்டுக்கொள்கிற கனத்த செருப்பும் இருந்தன. "சார் போன வாரம் எடுக்காம போயிட்டார்மா. பெரியவர் குடுத்துட்டு வரச் சொன்னார்" என்றார். என் வயிற்றைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமலே போய்விட்டார்.

நான் மயங்கி விழவில்லை, அழவில்லை. எல்லோரும் சேர்ந்து எனக்காக ஒரு அதிர்ச்சியை இத்தனை மாதமாக ஒளித்து வைத்திருந்தீர்களே, அது இவ்வளவுதானா என்று இருந்தது. பையைத் துணிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அன்று சாயங்காலம் அவர் வந்ததும், "இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்டேன். "வழக்கம் போலத்தான்" என்றார். மறுநாள் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். தினமும் இப்படித்தான். பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ தெரியவில்லை. டப்பா காலியாகத்தான் வருகிறது. அந்த மட்டில் நிம்மதி.

பிறகு உங்கள் கடிதங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். தப்புதான், என்னைத் திட்டுங்கள். கடைசிக் கடிதத்தில், சொல்லச் சொல்லி அனுப்பினாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு டப்பாவையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "சாம்பிள்" என்றார். "சாம்பிள்னா யாருக்காவது அனுப்பணும். இப்படி உக்காந்து அடைகாத்தா குஞ்சா பொரிக்கும்?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்சல் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தவள் நான்தான். உள்ளே எங்கள் சோறு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் தெரியவில்லை, அண்ணி.

உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். காலையில் இருக்கிறது, மதியத்துக்குள் போய்விடுகிறது.

அவரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் புரியவில்லை. எனக்குத் தெரியும் என்று சொன்னால், அவர் எனக்காகத் தாங்கிக்கொண்டிருந்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று ஒரு பயம். சொல்லாமல் இருந்தால் பிள்ளை பிறக்கிறவரை இப்படியே டப்பா கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அத்தைக்கு இன்னும் அவர் லாக்கரில்தான் வேலை பார்க்கிறார்.

இப்போது வெளியில் தூறல் போடுகிறது. அவர் குடை எடுத்துக்கொண்டு போகவில்லை, சீக்கிரம் வந்துவிடுவார். எழுந்து போய், பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுத்து, துடைத்து, வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். அவர் கேட்டைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு யார் முதலில் பேசுவது, என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் இரண்டு பேருக்கும் டீ வைத்திருக்கிறேன்.

கேட் சத்தம் கேட்கிறது.

சிட்டு